என் நிச்சயதார்த்தத்தன்று ஏழுமலை தூங்கிய தூக்கம்

அடுத்தவர்களுக்குச் சட்டம் போடுவதில் ஒரு பெரிய சுகம் இருக்கிறது. அதன்படி நாம் நடக்க வேண்டியதில்லை. அந்தச் சுகத்தை நான் ஏறக்குறைய ஒரு வருஷம் அனுபவித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிளியனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில், லுங்கியும் பனியனுமாக நின்றுகொண்டு, நான் போட்ட சட்டத்தை நானே ஒரு லாரிக் கண்ணாடி வழியாகப் படித்தேன். எழுத்து நன்றாகப் பெரிசாகவே இருந்தது. (லேமினேஷன் வேறு பண்ணியிருந்தேன், மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று.)

அப்போது நான் மேட்டுப்பாளையத்தில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் சூப்பர்வைசர். ஊட்டி ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் இல்லை, எங்கள் புதுச்சேரி மேட்டுப்பாளையம். இங்கே ரயிலும் இல்லை, குளிரும் இல்லை, ஃபேக்டரிகள்தான். சூப்பர்வைசர் என்றால் ஒரு மேஜை, ஒரு போன், முதுகுக்குப் பின்னால் டிரைவர்கள் திட்டும் திட்டு. எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. சைக்கிளிலிருந்து நேராக ஸ்கூட்டிக்கு வந்தவன். ஆனால் தபால் வழியில் ஏதோ டிப்ளமோ படித்திருந்தேன். அதனால் லாரியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு லோடு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனிதான் இதை ஆரம்பித்து வைத்தது. டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டுகிறார், எப்போது ஓய்வெடுக்கிறார், எப்போது டூட்டியில் இல்லை என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் முதலாளிக்குத் தலை சுற்றிவிட்டது. டிரைவர் தூங்கினால் எழுப்பிவிடத்தானே உனக்குச் சம்பளம் கொடுக்கிறோம், தூங்கியதற்குக் கணக்கு எழுத ஒரு சம்பளமா என்று என்னைப் பார்த்துப் புலம்பினார். கடைசியில் கான்ட்ராக்ட் முக்கியம் என்று முடிவு செய்து, மொத்தத்தையும் என் தலையில் கட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்து ஒரு 'ரெஸ்ட் ஷீட்' தயார் செய்தேன். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு. எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் வண்டி நகரக் கூடாது. பாதி அரசாங்கச் சட்டம், மீதி என் சொந்தக் கற்பனை. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதே எனக்குச் சொல்லத் தெரியாது.

டிரைவர்கள் இதைத் தங்கள் பாணியில் எடுத்துக்கொண்டார்கள். வண்டி யார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, டீ குடித்துக்கொண்டே, போகப்போகிற பயணத்துக்கு வேண்டிய எல்லா ஓய்வையும் எழுதி முடித்துவிடுவார்கள். அதில் ஏழுமலை என்று ஒருவர். திருக்கனூர்ப் பக்கத்துக்காரர். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, நாற்பதைத் தாண்டிய வயசு, அவசரமே இல்லாத பேச்சு. அவருடைய ஷீட்டின்படி பார்த்தால், வேலூர் செக்போஸ்டில் அவர் கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில் உளுந்தூர்பேட்டையில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். எங்கே தூங்கினால் என்ன சார், தூக்கம் தூக்கம்தானே என்றார்.

ஒரு வாரம் அவருக்கு லோடு கொடுக்காமல் உட்கார வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஒழுங்காக எழுதுவது எப்படி என்று எல்லா டிரைவர்களையும் யார்டில் நிற்க வைத்து வகுப்பு எடுத்தேன். ஏழுமலை கையைத் தூக்கினார். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே லோடு இறக்க ரெண்டு நாள் காத்துக் கிடக்கிறோமே, அது டூட்டியா, ரெஸ்ட்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதில் தெரியாத கேள்வி. அன்றைக்கு மட்டும் தெரிந்தது. "வண்டி ஓடலன்னா ரெஸ்ட்தான்" என்றேன். சும்மா நிற்பதும் ரெஸ்ட்டா சார் என்று இன்னொரு தரம் கேட்டார். ஆமாம், சும்மா நிற்பதும் ரெஸ்ட்தான் என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஆறாவது ரூல். டிரைவர்கள் ஓய்வு நேரத்தில் கேபினுக்குள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சீட்டாடுகிறார்கள் என்று தெரிந்தது. முதலாளியோ, அவர்கள் நிஜமாகவே தூங்கும்போது போன் போட்டு வண்டியை எடுக்கச் சொல்கிறார். இரண்டையும் ஒரே கல்லில் அடிக்க நினைத்து இப்படி எழுதினேன்: 'ஓய்வு நேரத்தில் கேபினைப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. கம்பெனி அதிகாரியே வந்து சொன்னாலும் கதவைத் திறக்கவோ வண்டியை எடுக்கவோ கூடாது.' படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. ஒவ்வொரு லாரியிலும் கண்ணாடி ஓரத்தில் ஒட்டச் சொன்னேன். உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். முதலியார்பேட்டையில் வீடு. பெண் பெயர் கல்பனா, பி.காம். முடித்துவிட்டு ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில், இரண்டு பேரும் பத்து நிமிஷம் மாடியில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். அந்தப் பத்து நிமிஷமும் நான் டிரைவர்களுடைய ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசினேன். ரூல் ஒன்றில் ஆரம்பித்து ஆறு வரைக்கும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயபக்தியோடு கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். (பயம் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது.)

அவள் வீட்டில் முடிவெடுக்கிறவர் அவளுடைய அப்பா இல்லை, பெரியப்பா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் சொல்தா. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாக்கிங் கிளம்பினார் என்றால் தெருவில் உள்ளவர்கள் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல், நாலரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நாலரைக்கு ராகு காலம்.

அதற்கு முந்தின நாள் ஓசூரில் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் மீட்டிங். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் ரெஸ்ட் ஷீட்டை எல்லோர் முன்னாலும் விளக்கச் சொல்லியிருந்தார்கள், புகழ் யாரை விட்டது? அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி அம்மாள் ஆறாவது ரூலை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைதட்டினார். நான் தரையில் கால் பாவாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், பெங்களூரிலிருந்து வந்த பாண்டி பஸ் எல்லாவற்றிலும் வாரக் கடைசிக்குக் குடிக்கப் போகிற பையன்கள். நிற்கக்கூட இடம் இல்லை. ஓசூரில் லோடு ஏற்றிக்கொண்டு எங்கள் லாரி ஒன்று மறுநாள் காலையில் மேட்டுப்பாளையம் கிளம்புவது நினைவுக்கு வந்தது. இரண்டரை, மூன்றுக்குப் போய்விடலாம். அம்மாவுக்குப் போன் செய்து, நேராக முதலியார்பேட்டைக்கே வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

டிரைவர் ஏழுமலை. கிளீனர் ஊருக்குப் போயிருந்ததால் அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். முதல் ஐந்து மணி நேரம் முடிந்ததும் திருவண்ணாமலைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் ஓய்வெடுத்து, ஷீட்டில் அழகாக எழுதினார். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. இன்ஜின் சூட்டில் பேன்ட் சட்டையெல்லாம் நனைந்துவிட்டதால், அவருடைய மாற்று லுங்கி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் பட்டு வேட்டி, சட்டை, பர்ஸ், செல்போன் எல்லாம் ஒரு பையில் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

திண்டிவனம் தாண்டி, கிளியனூரும் தாண்டியதும் ஏழுமலை புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினார். மணி இரண்டரை. நான் இறங்கி, பக்கத்து வயல் பம்பு செட்டில் முகம் கழுவி, தலை வாரி (விரலால்), மாப்பிள்ளைக் களையோடு திரும்பி வந்தேன். கதவு பூட்டியிருந்தது. தட்டினேன். கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது.

"ரெஸ்ட் சார்" என்றார் ஏழுமலை.

"ரெஸ்ட்டுதான் எடுத்தாச்சே?"

"அது அஞ்சு மணி நேரத்துக்கு. இது எட்டு மணி நேரத்துக்கு. நாலரைக்கு எடுக்குறேன்."

நம்புங்கள், அந்த நிமிஷம் வரைக்கும் அந்த எட்டு மணி நேர ரூல் என் நினைவிலேயே இல்லை. ஊருக்கெல்லாம் ஒப்பித்தவன், என் நிச்சயதார்த்தக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க மறந்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. நான் சிரித்துப் பார்த்தேன். பிறகு அதிகாரமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் உள்ளேயிருந்தபடி, கண்ணாடியில் ஒட்டியிருந்த லேமினேஷனை விரலால் தட்டிக் காட்டினார். கம்பெனி அதிகாரியே வந்து சொன்னாலும் என்ற இடத்தில் விரல் நின்றது.

அதற்குப் பிறகு நான் சொன்னதைத்தான் என் எதிரிகள்கூட நம்பமாட்டார்கள்.

"ஏழுமலை, ஷீட்ல ரெஸ்ட் எடுத்த மாதிரி எழுதிக்கலாம். வண்டிய எடுங்க."

அவர் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "அப்பிடி எழுதுனதுக்குத்தான சார் ஒரு வாரம் ஒக்கார வெச்சீங்க" என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன். பையையாவது கொடுங்கள் என்றேன். பையைக் கொடுக்கக் கதவைத் திறந்தால் நான் ஏறிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "சும்மா நிக்கிறதும் ரெஸ்ட்தான் சார், நீங்களும் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். சீட்டில் படுத்தார். உடனே தூங்கிப்போனார். நடிப்பாக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை தொங்க, நிஜமான தூக்கம்.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸை மறித்தேன். மூன்று பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு போனது. நாலாவது டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் என் லுங்கியைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார். கையில் காசு இல்லை, பாண்டியில் எனக்கு நிச்சயதார்த்தம், பர்ஸ் லாரிக்குள் இருக்கிறது, டிரைவர் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று நானே ரூல் போட்டிருக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"பாண்டிக்குப் போயிட்டு வர்றவன்தாம்பா இப்படிப் பேசுவான். நீ போறதுக்கு முன்னாடியே பேசுற" என்று சொல்லி விசில் கொடுத்தார். பஸ்ஸுக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடையில் காயின் போன் இருந்தது. கடைக்காரரிடம் ஒரு ரூபாய் யாசகம் வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு யாருடைய நம்பரும் மனப்பாடம் இல்லை. எல்லாம் செல்போனுக்குள் இருந்தது. வீட்டு லேண்ட்லைன் மட்டும் தெரியும். அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒட்டுமொத்தக் குடும்பமும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போய், எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. போன் அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது, நானும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், கொஞ்சம் அழவும் செய்தேன். கல்பனாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டிய பத்து நிமிஷத்தில் செக்போஸ்ட் பற்றிப் பேசித் தொலைத்திருந்தேன்.

நாலரைக்கு ஏழுமலை எழுந்தார். அலாரம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. முகம் கழுவினார், ஷீட்டில் எழுதினார், கதவைத் திறந்து, "ஏறுங்க சார், போயிறலாம்" என்றார். அங்கே ராகு காலம் பிறந்தது, இங்கே வண்டி கிளம்பியது. பட்டு வேட்டியை ஓடுகிற லாரியில் நின்றுகொண்டு கட்டினேன்.

முதலியார்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் லாரி நுழைந்தபோது பந்தலின் ஒரு மூலை பிய்ந்தது. வாசலில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பாதிப் பேரும், விபத்து என்று மீதிப் பேரும் முடிவு செய்திருந்தார்கள். அம்மா விபத்துக் கட்சி. என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல்பனாவின் தாய்மாமன் ஏற்கெனவே தட்டுகளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். நிச்சயத்துக்கே நேரத்துக்கு வராதவன் நாளைக்குத் தாலி கட்ட எப்போது வருவான், இந்த இடமே வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்தா பெரியப்பா நாற்காலியில் இருந்து எழாமல், என்ன ஆச்சு என்று கேட்டார். "பஞ்சர்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். "எத்தன டயரு?"

"டயரெல்லாம் நல்லா இருக்குதுங்க. நான் ரெஸ்ட்ல இருந்தேன்" என்றார் ஏழுமலை. பிறகு கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். ஆறாவது ரூல், பூட்டிய கதவு, லுங்கி, டவுன் பஸ், எதையும் விடவில்லை. (தூங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு டவுன் பஸ் எப்படித் தெரியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.)

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டியவராம். பிறகு பிரான்சிலேயே சில வருஷம் கம்பெனி லாரியும் ஓட்டினாராம். அங்கே ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வட்ட அட்டை உண்டு, டிரைவர் எப்போது ஓட்டினான், எப்போது நின்றான் என்று அது தானே கோடு போட்டுக்கொள்ளும், ஜெனரலே வந்து சொன்னாலும் 'ரெப்போ' நேரத்தில் வண்டியைத் தொட மாட்டோம் என்றார். ஓய்வை அவர் ரெப்போ என்றுதான் சொல்வார். ஏழுமலைக்கு நாற்காலி வந்தது, காப்பி வந்தது. எனக்கு வரவில்லை. பெரியப்பா என் பக்கம் திரும்பி, சட்டத்தை எழுதியவனே மீறச் சொன்னாயா, அதற்கு மேல் பஞ்சர் என்று பொய் வேறா என்று கேட்டார். தாமதத்தை மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது என்று அவர் சொன்னபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் கல்பனா வாசலுக்கு வந்தாள். நேராக ஏழுமலையிடம் போனாள்.

"அண்ணே, வண்டிய எடுக்கச் சொல்லி இவரு எத்தன தடவ கேட்டாரு?"

"நெறைய தடவம்மா. கும்புட்டுக்கூட பாத்தாரு. அப்பறம் அழுதாரு."

"அழுதாரா?"

"மரத்துக்குப் பின்னால போயி அழுதாரு."

தெருவே என்னைப் பார்த்தது. பட்டு வேட்டியின் ஒரு முனை லாரிப் படியில் மாட்டிக் கிழிந்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். கல்பனா பெரியப்பாவிடம் சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் எனக்குக் கேட்டது: "ரூலுதான் பெருசுன்னு இருக்குற ஆளுன்னு நெனச்சி ஒரு வாரமா தூக்கம் இல்ல பெரியப்பா. எனக்காக மீறவும் தெரியுது. ஆறு மணிக்கு மேல தட்ட மாத்திக்கலாம்."

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாய்மாமனைப் பார்த்து, தட்டுகளை வெளியே எடுக்கச் சொன்னார். ராகு காலம் முடிகிற வரைக்கும் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்கு மேல் தட்டு மாற்றியபோது என் பக்கத்தில், என் சித்தப்பா உட்கார வேண்டிய இடத்தில், ஏழுமலை உட்கார்ந்திருந்தார். போட்டோவில் அவர்தான் தெளிவாக விழுந்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக ஆறாவது ரூலை எடுத்துவிடப் பார்த்தேன். ஏழுமலை விடவில்லை, அது இருக்கட்டும் சார் என்றார். அன்றைக்கு வேண்டுமென்றேதான் செய்தீர்களா என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "ஓசூர்ல லோடு ஏத்துறதுக்கு ரெண்டு ராத்திரி முழிச்சிக் கெடந்தேன் சார். நீங்கதான் அத ரெஸ்ட்டுன்னுட்டீங்க" என்றார். அவர் பக்கத்தில் அன்று எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருந்தேன். தூங்கினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக் காரை ஏழுமலைதான் ஓட்ட வேண்டும் என்று பெரியப்பா உத்தரவு போட்டார். முந்தின நாள் மத்தியானமே அவரைக் கல்யாண மண்டபத்தில் ஏ.சி. ரூமில் படுக்க வைத்து, வெளியே ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தினார். அந்த ரூம் மாப்பிள்ளைக்கு என்று புக் செய்தது. நான் சமையல்காரர்களோடு படுத்தேன். கார் கிளம்பும்போது பெரியப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏழுமலையின் முகத்தை நிமிர்த்திக் கண்ணைப் பார்த்துவிட்டு, "ரெப்போ ஆச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை வண்டி கிளம்பும் முன் டிரைவர் தூங்கினாரா என்று கேட்பது அப்படியே அந்தக் குடும்பத்தின் வழக்கமாகிவிட்டது. கல்பனாவின் சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம், காதுகுத்து ஆகிவிட்டது. போன மாதம் ரெட்டியார்பாளையத்தில் அவள் தங்கை மகள் கல்யாணம். மணமேடையில் ஐயர், மாப்பிள்ளையை வரச் சொல்லலாமா என்று கேட்டார். மேடையைச் சுற்றி நின்றிருந்த பதினைந்து இருபது பேர், என் பெண்டாட்டி உட்பட, ஒரே குரலில், "டிரைவர் தூங்கியாச்சு, வரச் சொல்லுங்க" என்றார்கள். ஐயர் ஒன்றும் புரியாமல் விழித்தார். மாப்பிள்ளைப் பையன் அதைவிட அதிகமாக விழித்தான். அவனுக்கு யாராவது விளக்கிச் சொல்லத்தானே வேண்டும்? எல்லோரும் கையை நீட்டி என்னைக் காட்டினார்கள்.